பிரிக்கக் கூடாத பரிசு

மாயாஜாலப் படக்கதைகள் படிக்கிறவர்களுக்குப் பண்டிகைக்கு என்ன வாங்கித் தரலாம் என்று இணையத்தில் பட்டியல் போடுகிறவர்கள் எவரும் அந்தக் கதைகளைப் படித்தவர்கள் அல்ல. கோபத்தில் சொல்லவில்லை. பல பொங்கல்களாக அந்தப் பட்டியல்கள் ஒவ்வொரு பொருளாக என் வீட்டுக்குள் வந்து இறங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கொண்டு வருகிறவன் என் தம்பி. சென்னையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை. அக்காவுக்குப் படக்கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்பது அவனுக்குத் தெரியும். எந்தப் படக்கதை என்று மட்டும் அக்காவைக் கேட்க மாட்டான். போனைக் கேட்பான்.

முதலில் வந்தது ஒரு குவளை. சூடாக எதையாவது ஊற்றினால் அதன்மேல் ஒரு டிராகன் தோன்றுமாம். என் கணவர் டீயை நன்றாக ஆறவைத்துக் குடிக்கிறவர். டிராகன் எங்கள் வீட்டில் ஒருநாளும் தலைகாட்டவில்லை. இப்போது அதில் மஞ்சள்தூள் இருக்கிறது. அடுத்த வருடம் மரவாள். கருவாடு காயும் இடத்தில் காக்கை விரட்ட அதைவிடப் பொருத்தமான நீளத்தில் ஒரு குச்சி கிடைக்காது. அதற்கடுத்து, தலையையும் சேர்த்து மூடும் கறுப்பு மேலங்கி. மார்கழிப் பனிக்கு நல்லதுதானே என்று என் கணவர் அதைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். எதிரே வந்த படகிலிருந்தவர்கள் பயந்து துடுப்பைப் போட்டுவிட்டார்கள். இன்றுவரை மீன் ஏலம் விடும் இடத்தில் அவருக்கு மந்திரவாதி என்று பெயர்.

டிராகன் உருவத்தில் ஒரு மெழுகுவர்த்தியும் வந்தது. "ஏத்திடாதக்கா, அழகுக்குத்தான்" என்றான். மழைக்காலத்துப் புயலில் கரண்ட் போனபோது ஏற்றினோம். தலையில் தொடங்கி வால் வரை எரிந்தது. அவன் கொடுத்தவற்றில் வேலைக்கு ஆனது அந்த மெழுகுவர்த்தியும் மரவாளும்தான்.

போன வருடம் ஒரு வரைபடம். இல்லாத ஒரு நாட்டுக்கு, சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு. அதில் ஓர் ஆறு கடலில் தொடங்கி மலைமேல் ஏறிப் போகிறது. என் கணவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"இத்த வரஞ்சவன நம்ம ஏரிக்குள்ள வுட்டா, சாயந்தரம் நாலு படகு தேடிக்கினு போவணும்" என்றார்.

எங்கள் வட்டாரத்தில் இந்தக் கதைகளை விடாமல் படிக்கிறவர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர், முட்டை எண்ணுகிற வேலை. இரண்டாவது என் நாத்தனார், கணவரின் தங்கை. மகளிர் குழுவின் கருவாட்டுக் கூடத்தில் நெத்திலியும் சென்னாக்குன்னி என்ற பொடி இறாலும் பாக்கெட் போடுகிறாள். மூன்றாவது, படகேறிப் போகவேண்டிய ஏரித் தீவிலிருந்து வருகிற பசியாவரத்துக்காரி. ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவள். ஒருநாள் இறாலை மடிக்க என்னிடம் காகிதம் கேட்டாள். கிழிந்துபோன ஒரு படக்கதையின் பக்கத்தைக் கொடுத்தேன். கதை அந்தப் பக்கத்தோடு பாதியில் நின்றிருக்கிறது. மறுநாள் மீதியைக் கேட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்களை விட்டுப் போகவில்லை.

ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அது ஆண்களுக்கு. நாளெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே ஊறிக்கிடக்கிற பசியாவரத்துக்காரிக்கு அதில் பாடு கிடையாது. ஏன் என்று கேட்டால் கேட்டவளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே ஏரியை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் புத்தகத்துக்குப் பாடு வைத்துக்கொண்டோம். புதுப் புத்தகம் வந்தால் மூன்று பெயரையும் எழுதிச் சீட்டு எடுப்போம். ஒருத்திக்கு ஒரு மாதம். தன் முறையில் படிக்காதவளுக்கு முறை போயிற்று, அடுத்தவள் எடுத்துக்கொள்வாள். கடைசி ஆள் முடிக்கும் வரை முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்தச் சட்டங்களை எழுதியது நான். இதுவரை யாரும் மீறியதில்லை. ஏரிப்பாட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

நாங்கள் உயிரை விட்டுப் படித்துவந்தது ஏழு பாகங்கள் கொண்ட ஒரு தொடர். கடலுக்கடியில் ஒரு ராஜ்யம், பேசுகிற ஆமைகள், சாபம் பெற்ற ஒரு பாம்பு. குறை இல்லாமல் இல்லை. கடலுக்குச் சலவைச்சோப்பு உறையின் நீலத்தை அடித்திருக்கிறார்கள். நாயகன் காற்றுக்கு எதிராக நின்று வலை வீசுகிறான். "இவன் நம்மூர்ல கீந்தா பட்டினியிலயே பூடுவான்" என்பாள் நாத்தனார். ஆனால் நாயகி வேறு மாதிரி. யாரிடமும் கேட்காமல் முடிவெடுக்கிறவள். ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் அவள் படகிலிருந்து நேராகப் பாம்பின் வாய்க்குள் குதித்துவிட்டாள். வெளியே வந்தாளா? அது தெரியாமல் இரண்டு வருடம் இருந்தோம்.

ஏழாம் பாகம் வெளிவந்தது என்று தெரிந்ததும், இந்த முறை தம்பிக்கு எழுதியே அனுப்பினேன். தொடரின் பெயர், பாகத்தின் எண், 'சாதாரணப் பதிப்பு போதும்' என்ற குறிப்பு. அவன் வருவதற்கு முன்பே சீட்டும் எடுத்துவிட்டோம். முதல் பாடு எனக்கு, அடுத்தது நாத்தனாருக்கு, கடைசி பசியாவரத்துக்காரிக்கு. போன இரண்டு முறையும் அவள்தான் கடைசி. சீட்டைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போகிக்கு வந்த தம்பி, குழந்தையை ஏந்துவதுபோல் ஒரு பெட்டியை ஏந்தி வந்தான். கனமான பெட்டி. மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, அதன்மேல் வட்டமாக ஒரு தங்க முத்திரை. ஏழாம் பாகமேதான். நான் உறையின் ஓரத்தில் நகத்தை வைத்தேன்.

"ஐயோ அக்கா, பிரிச்சிடாத!"

"பிரிக்காம எப்புட்றா படிக்கிறது?"

"இது படிக்கறதுக்கு இல்லக்கா. வச்சிக்கறதுக்கு. ஸ்பெஷல் எடிஷன். சீல் ஒடையாம இருந்தாத்தான் மதிப்பு. வருஷம் போவப் போவ ஏறிக்கினே போவும்."

"நம்ம கிட்டயும் ஒரு கூடை மத்தி கீது. வருஷம் போவப் போவ ஏறும், வாசனை" என்றார் என் கணவர்.

தம்பி அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியை ஷோகேஸில் வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தி, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தான். 'உண்மையான ரசிகை' என்று எழுதிப் போட்டான். அந்தப் படத்தில் நான் பசித்தவள் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே நிற்பதுபோல் நிற்கிறேன்.

காணும் பொங்கல் மாலை அவன் கிளம்பிய கையோடு நாத்தனார் வந்தாள்.

"பிரிச்சியா அண்ணி?"

"எப்படிடி? சித்திரைக்கு வந்து பாப்பான்."

"உன் பாடு ஓடிக்கினு கீது. நீ வலய எறக்கலன்னா நான் எறக்கிக்கறேன். சட்டம் நீ எழுதனதுதான்."

"சீல் ஒடைஞ்சா?"

"சீல் போடறதுதானே அண்ணி என் பொழப்பு? கருவாட்டுக்கு நான் போடற சீல்ல காத்து கூடப் போவாது. இந்த டப்பாவா பெரிசு?"

எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் வழக்கம். முத்திரையை இட்லிப் பானை ஆவியில் காட்டிக் கிழியாமல் எடுத்தேன். பழைய உறையின் ஒட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து, புது உறையின் ஒட்டும் அதே பக்கம் வரவேண்டும் என்று சொல்லி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியை நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினேன். காலிப் பெட்டியைத் தூக்கினால் தெரிந்துவிடுமே என்றதற்கு, எடைக்கு எடை தானே போட்டுக்கொள்வதாக நாத்தனார் சொன்னாள். பழைய பேப்பரைப் போடு என்றேன். மறுநாள் பெட்டி வந்தது. கடையில் விற்றதைவிட நேர்த்தியாக இருந்தது. ஷோகேஸில் வைத்தேன்.

புத்தகத்தை என் மாதத்தில் படித்தேன். நாத்தனார் தன் மாதத்தில் இரண்டு முறை படித்துவிட்டுப் பசியாவரத்துக்குப் படகேற்றினாள். யாரும் வாய் திறக்கவில்லை. கருவாட்டுக் கூடத்தில் நாத்தனார் தானாகச் சிரிப்பதாக மட்டும் செய்தி வந்தது.

இந்த இடத்தில் பரிசு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கதை படிக்கிறவருக்குக் கதை வாங்கிக் கொடுங்கள். தொடரின் நடுப்பாகத்தை மட்டும் தனியாக வாங்காதீர்கள், அது பகையாளிக்குச் செய்வது. கெட்டி அட்டை வேண்டாம், ஏரிக்காற்றுக்கு முதலில் வளைவது அதுதான். உலகத்தைக் காக்கவே பிறந்தவன் என்று நாயகனைச் சொன்னால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். சீட்டில் பெயர் விழுந்ததால் போகவேண்டி வந்தவன் என்றால் வாங்கலாம். நாயகிக்குப் பசித்தால் சாப்பிடுகிற ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். குவளை வேண்டாம்.

சித்திரை முதல் நாள் தம்பி வந்தான். வந்ததும் ஷோகேஸுக்குப் போனான்.

"அக்கா, இத்த எனக்குக் குடுத்துடேன். எங்க மேனேஜருக்கு வேணும். அவரு பெரிய ரசிகர். வூட்ல ஒரு ரூம் பூரா இதான். இந்த எடிஷன் கெடைக்காம தேடிக்கினு கீறாரு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பப் போறாங்க. என் பேரு நடுவுல கீது."

"குடுத்த பொருள யாராவது திருப்பிக் கேப்பாங்களாடா?"

"நீதான் படிக்கவே இல்லியே! சும்மா தூங்கிக்கினு கீது."

இதை அவன் முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் சொன்னான். நான் பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பெட்டிக்குள் புத்தகம் திரும்ப வேண்டும். புத்தகமோ பசியாவரத்தில் இருக்கிறது. அன்று காலைதான் இறாலோடு படகுக்காரரிடம் அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்: "பாம்பு வாயத் தொறந்துடுச்சி. இப்ப யாரும் என்னக் கூப்டாதீங்க." இரண்டு வருடம் காத்திருந்து, மூன்றாம் முறையாகக் கடைசிச் சீட்டு வாங்கி, அவள் இப்போதுதான் அந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறாள். படிக்கவே போகாத ஒருவரின் கண்ணாடி அலமாரிக்காக அவள் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும். பாடு ஓடும்போது நடுவில் வலையைத் தூக்கச் சொல்வது ஏரியில்கூட நடக்காது.

"வாள எடுத்துக்கினு போயேன். ரசிகர்னா வாள் பிடிக்கும்" என்றேன்.

"அதுல காக்கா எச்சம் கீதுக்கா."

கடைசியாக ஒன்று சொன்னேன். சொன்னதை அன்றிரவு டைரியிலும் எழுதிவைத்தேன். "ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டுக் குடுடா. உள்ள இன்னா கீதுன்னு தெரியாம ஒருத்தருக்குப் பரிசு குடுக்கலாமா?"

"பிரிச்சா அவ்ளோதான்கா, போச்சு! உனக்கு இதெல்லாம் புரியாது" என்றான். அடுத்த பொங்கலுக்கு டிராகன் முட்டை மாதிரி ஒரு விளக்கு வாங்கித் தருவதாகவும் சொன்னான். பாயசம் குடித்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பினான்.

கார் பாலத்தைத் தாண்டும் வரை பார்த்துவிட்டு, கருவாட்டுக் கூடத்துக்குப் போனேன்.

"உள்ள பழைய பேப்பர்தானே போட்ட?"

"பேப்பர் எட நிக்கல அண்ணி. நெத்திலி போட்டேன்."

நான் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"மட்டமானது இல்ல, மொதல் தரம், மண்ணு கெடையாது. பாக்கெட்டு போட்டு, நம்ம குழு லேபிளு ஒட்டித்தான் வச்சிக்கீறேன். திங்கறவங்க கண்டிப்பா மறுபடி கேப்பாங்க."

"பிரிச்சா ஊர் பேரே கீதேடி!"

"பிரிச்சாத்தானே?" என்றாள். அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க போன் அடித்தால் யாரென்று பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒருவழியாகத் தம்பி கூப்பிட்டான். மேனேஜர் கண் கலங்கிவிட்டாராம். கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில், உள்ளே சின்ன விளக்குப் போட்டு வைத்திருக்கிறாராம். "பிரிக்கவே இல்லக்கா! வெவரம் தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்கதான்" என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து அந்த மனிதர்மேல் கடுங்கோபம் வந்தது.

கடைசி ஆளுக்கு அவசரமில்லை என்பதால், வைகாசியில்தான் பசியாவரத்துக்காரி புத்தகத்தைக் கொண்டுவந்தாள். உரச்சாக்கின் உட்பையில் சுற்றி, தண்ணீர் படாமல். கூடத்தின் பின்பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். முடிவைப் பற்றி முதலில் பேசும் உரிமை கடைசி ஆளுக்கு. அதுவும் சட்டம்.

"வெளிய வருவான்னு நெனச்சிக்கினே இருந்தேன். வரல, உள்ளயே ஊரக் கட்டிட்டா பாரு! அந்த நாயகன் பேமானி கரையில நின்னுக்கினு பாட்டுப் பாடறான்" என்றாள்.

"வலையும் தப்பா வீசறான்" என்றாள் நாத்தனார்.

அன்று மாலை வரை பேசினோம். நான்கு மாதம் அடக்கிவைத்த பேச்சு. கருவாடு வாங்க வந்தவர்கள் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

ஆடியில் தம்பி மறுபடி கூப்பிட்டான். வெளிநாட்டுப் பட்டியலில் அவன் பெயர் மேலே வந்துவிட்டது. மேனேஜருக்கு அவன்மேல் அவ்வளவு பிரியமாம்.

"இன்னொன்னு கேளுக்கா. பக்கத்து ஃபிளாட்டுப் பூனை ஒண்ணு தெனமும் அவரு வூட்டுக்குள்ள வந்து, அந்த அலமாரி முன்னாடியே உக்காந்துக்கினு கீதாம். தொரத்தனாலும் போவல. அவரு போட்டோ எடுத்துப் போட்டுக்கீறாரு. 'பூனைக்குக்கூட ரசனை இருக்கிறது'ன்னு. ஆயிரம் பேரு லைக் போட்டுக்கீறாங்க!"

படத்தை அனுப்பினான். சாம்பல் நிறப் பூனை, கண்ணாடியில் மூக்கை ஒட்டி, கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தது. இத்தனை மாதங்களில் அந்தப் பெட்டியை உள்ளே இருப்பதற்காக விரும்பிய ஒரே ரசிகர் அதுதான்.

"வர்ற பொங்கலுக்கு இன்னாக்கா வேணும்? அந்த முட்டை வெளக்கு வாங்கட்டுமா?" என்றான் தம்பி.

"வேணாம்டா. புதுசா ஒரு தொடர் ஆரம்பிச்சிக்கீறாங்க, மொதல் பாகம். ஸ்பெஷல் எடிஷனே வாங்கிக்கினு வா. நல்லா சீல் போட்டதா பாத்து."

பக்கத்தில் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள்.

"இந்த வாட்டி சென்னாக்குன்னி போடலாம் அண்ணி," என்றாள். "எடையும் நிக்கும், சத்தமும் வராது."