மூன்றாம் நம்பருக்கு வயிறு சரியில்லை

ஆமைக்குத் தீனி நறுக்குகிறவனுக்குச் சம்பளம் கொடுப்பது காலையில் நறுக்கியதற்காக அல்ல, அது மூன்று வாரம் கழித்து எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதற்காகத்தான். படித்தது ஒன்று, பார்க்கிற வேலை வேறொன்று என்று ஆகிப்போன என் போன்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன். அந்தப் பட்டம் ஆஸ்திரேலியாவில் செல்லுபடியாக நிறையப் பரீட்சை எழுத வேண்டும். அதுவரை வயிறு சும்மா இருக்குமா? 2010-ல் சிட்னிக்கு மேற்கே ஒரு தனியார் விலங்குப் பூங்காவில் சேர்ந்தேன்.

விருந்தோம்பல்

என் பொறுப்பில் நான்கு பாலைவன ஆமைகள். பெயர் கிடையாது, நம்பர்தான். தினமும் காய்ந்த புல், கொஞ்சம் களைச்செடி, அவ்வளவே. பார்க்கவே பாவமாக இருந்தது. பல வருட வறட்சி முடிந்து அந்த வருடம்தான் மழை கொட்டி, வேலிக்கு வெளியே குளோவர் என்கிற பசுந்தீவனச் செடி முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. மேலாளர் கேரன் இரண்டு வாரம் லீவில் போனதும் காய்ந்த புல்லை ஒரே நாளில் நிறுத்தினேன். குளோவர், லெட்டூஸ், ஆப்பிள் துண்டு என்று வாரிப் போட்டேன். நான்கும் தலையைத் தூக்காமல் சாப்பிட்டன. வீட்டுக்கு வந்தவருக்கு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியே வளர்ந்த கை, நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் தொழுவம் முழுக்கத் தண்ணீராகப் போய்க்கிடந்தது. அதைக் கழுவுகிறவர் ரவி அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், படகில் வந்தவர். குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, விருந்து வைக்கிறது நீர், குசினி கழுவுறது நான்.”

கேரனின் அறிவுரை

காய்ந்த புல்லுக்குத் திரும்பியதும் மூன்று ஆமைகள் தேறிவிட்டன. மூன்றாம் நம்பர் மட்டும் தேறவில்லை. பூங்காவுக்கு வரும் டாக்டர் எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, எனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததையே எனக்குச் சொன்னார். குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. காய்ந்த புல்லைச் செரிக்கப் பழகியவை அவை. தீனியைத் திடீரென்று மாற்றினால் அவை அழிந்து, சர்க்கரை தின்கிற கூட்டம் பெருகி வயிற்றைக் கலக்கிவிடும். மாட்டு விஷயத்தில் தெரிந்தது ஆமை விஷயத்தில் தோன்றாமல் போனதில் எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நம்பரின் எடை இப்படியே குறைந்துகொண்டு போனால் ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் நல்லது என்றும் சொன்னார்.

லீவு முடிந்து வந்த கேரன் என்னை வேலையை விட்டுத் தூக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தராசை என் கையில் கொடுத்து, தினமும் எடை எழுதச் சொன்னாள். “அன்பாக இருந்தது போதும், இனிமேல் அலுப்பூட்டுகிற ஆளாக இரு.”

புதன்கிழமை

அலுப்பூட்டினேன். புல், எடை, எச்சம். கொஞ்சம் கெட்டிப்படும், புதன்கிழமை வந்தால் மறுபடி இளகிவிடும். மூன்று வாரம் இதே கதை. வயிறு கலங்கினால் தீனியின் மூன்று வாரப் பயணம் மூன்று நாளில் முடிந்துவிடும். அதனால் புதனிலிருந்து பின்னோக்கி விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்றேன்.

பக்கத்துப் புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஓர் இலங்கைத் தமிழ் அன்ரி வந்தார். வருடச் சந்தா வைத்திருப்பவர், என்னோடு நன்றாகப் பேசுவார். ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழி. பையிலிருந்து பிரசாத வாழைப்பழத்தை எடுத்து உரித்து வேலிக்கு மேலே நீட்டினார். மூன்றாம் நம்பர் முன்பே வந்து காத்திருந்தது. பெருமாள் எடுத்த உருவமல்லவா, சும்மா எப்படிப் பார்த்துவிட்டுப் போவது என்றார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. பழத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: “நாங்கள் வந்த புதுசில பாணும் பட்டரும் திண்டு ஆறு மாதம் வயிறு சரியில்லை, சோறு கண்ட பிறகுதான் சுகம் வந்தது; இதுக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.”

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்ததும் அதுதான்.

நாமக்கல் வைத்தியம்

பழம் நின்றது, ஆனாலும் எடை ஏறவில்லை. டாக்டர் இரண்டு வாரம் கெடு வைத்தார். மூன்றாம் நம்பர் கண்ணை மூடியே கிடந்தது. சாகப்போகிறது, அதற்கு நான்தான் காரணம் என்று தெரிந்தே தினமும் தூக்கி எடை பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

ஊரில் தீனி எடுக்காத மாட்டுக்கு, நல்ல மாடு அசைபோடுகிற இரையை அதன் வாயிலிருந்தே பிடுங்கிக் கொடுப்போம். நுண்ணுயிர் இடம் மாறும். அதைத் தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்றாம் நம்பரின் எச்சத்தில் கிருமி இல்லை என்று பார்த்துக் கொடுத்தார். அதைத் தண்ணீரில் கரைத்து, காய்ந்த புல்லில் தெளித்து வைத்தேன். முதல் நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாய் கடித்தது.

கெடு முடிகிற அன்று எடை குறையவில்லை. டாக்டர் ஊசியைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் ஒரு காலை ரவி அண்ணன் என்னைக் கூப்பிட்டார். தரையில் எச்சம் கெட்டியாக, நார் நாராகப் புல் தெரியக் கிடந்தது. கழுவாமல் எனக்காக வைத்திருந்தார். இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேரனும் வந்து பார்த்தாள். இந்த வைத்தியத்தை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். வேலைக்கு விண்ணப்பித்தபோதே முதல் வரியில் எழுதியிருந்தேனே என்றேன். அவள் சொன்னாள்: “நான் உன் ஓட்டுநர் உரிமத்தை மட்டும்தான் பார்த்தேன்.”

பரீட்சைகள் இன்னும் பாக்கியிருக்கின்றன. இந்த நாட்டில் என் பட்டத்தை இதுவரை ஏற்றுக்கொண்டிருப்பது ஓர் ஆமையின் குடல் மட்டும்தான்.