ஜன்னலோரத்துப் புள்ளி

கல்லூரியின் கணிதத் துறையில் நான் ஒருத்திதான் பெண். ஆசிரியர் அறையில் ஆண்கள் நால்வரும் சதுர மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எதிரெதிரே இருப்பவர்களுக்குள் பழைய சண்டை, பேச்சு கிடையாது; பக்கத்தில் இருப்பவர்களோடு மட்டும் பேசுவார்கள். என் நாற்காலி ஜன்னலோரம். என்னோடு யாரும் பேசுவதில்லை. எரிச்சலாக இருக்கும், ஆனால் நானாகப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அன்று மதியம் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் திருச்சிக்கு வந்து என் உரையைக் கேட்கப்போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவரிடமே ஆராய்ச்சிக்கு இடம். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்தே உரையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லவிருந்தது இதுதான். சில புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து ஒரு படம் போடுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி என்று வரிசை வரிசையாக ஓர் அணியாக எழுதி, அந்த அணியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஐகன் மதிப்புகள் என்ற சில எண்களை மட்டும் கொடுங்கள். எந்தப் படம் என்று சொல்லிவிடுவேன். ஐந்து புள்ளிகள் வரை போட்டுப் பார்த்திருந்தேன். கோடே இல்லாத புள்ளி வந்தால் மட்டும் அடித்துவிடுவேன். யாரோடும் சேராததற்கு என்ன கணக்கு என்ற நினைப்பு.

உரைக்கு அரை மணி இருக்கும்போது நிமிர்ந்து மேசையைப் பார்த்தேன். நால்வர்; பேசிக்கொள்கிறவர்களுக்கு இடையே கோடு போட்டால் ஒரு சதுரம். தனியாக நான். பகீரென்றது. அவசரமாகப் போட்டுப் பார்த்தேன்: இரண்டு, கழித்தல் இரண்டு, மூன்று சுழிகள். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து நான்கு புள்ளிகளுக்கு நான்கு கோடுகள் என்று முன்பே போட்டிருந்த படத்துக்கும் இதே எண்கள்தான். எண்களை வைத்து எந்தப் படம் என்று இனிச் சொல்ல முடியாது.

சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஐந்தாவது புள்ளியை மறுபடி அடிக்க எனக்கு மனசு வரவில்லை. உரையின்போது கரும்பலகையில் இரண்டு படங்களையும் வரைந்தேன்.

"அந்தத் தனிப் புள்ளி எதுக்கும்மா? அழிச்சிடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் துறைத் தலைவர்.

"அழிக்க முடியாது சார். அதுவும் இருக்கு."

"அப்ப நீங்க சொல்ல வந்தது தப்பு" என்றார் சென்னைக்காரர்.

"ஆமாங்க சார்."

அவர் காபியைக் குடித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். இடம் கிடைக்கவில்லை. காவிரிப் பாலம் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் காலை என் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்றேன்.