சுவருக்குச் சுவர் ஒரு போர்வை

ஒரு கூடம் நிறையப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே போர்வை தைக்கப்போகிறேன் என்று அத்தை சொன்னபோது, அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். போர்வை என்றால் ஒருவர் போர்த்திக்கொள்வது. மிஞ்சினால், மழைக்காலத்தில் நானும் தம்பியும் இரண்டு பக்கமும் இழுத்துச் சண்டை போடுவது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருந்தது. அதை நடத்திவந்த அம்மாவை எல்லாரும் பெரியம்மா என்றே கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு போர்வை கொடுத்தால் பெரிய பிள்ளைகள் சின்னதுகளுடையதைப் பிடுங்கிக்கொள்கிறார்களாம். அதனால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே போர்வையாக யாராவது தைத்துக் கொடுத்தால் ஐப்பசி மழைக்கு உதவும் என்று அவர் எங்கள் ராஜபாளையத்தில் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் யாரையும் கேட்காமல், நான் தைக்கிறேன் என்று எங்கள் அத்தை சொல்லி அனுப்பிவிட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. அந்த வருடம் தை மாதம்தான் கல்யாணமாகி வன்னியம்பட்டிக்குப் போயிருந்தாள். புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம் என்பதால், அப்பா போய் அழைத்து வந்திருந்தார். ஆவணி பிறந்ததும் மாமா வந்து கூட்டிப்போக வேண்டும்.

அவளுடைய தையல் மெஷின் எங்கள் வீட்டில்தான் நின்றது. அதைச் சீரோடு சேர்த்து வைத்தபோது, "எங்க வீட்டுல இது எதுக்கு, இங்கனயே கெடக்கட்டும்" என்று மாமாவின் தாயார் சொல்லிவிட்டாராம். அம்மா அதை ஒரு மாதிரி குரலில் சொல்வாள். எனக்கோ சந்தோஷம்தான். சும்மா நிற்கும் மெஷினின் மிதியில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடலாம் அல்லவா.

தையல் கடைகளிலிருந்து வெட்டுத்துணியைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டி, நிறம் பார்த்துச் சேர்த்துத் தைத்தாள் அத்தை. உள்ளே வைக்க, எங்கள் ஊரில் நெய்கிற பேண்டேஜ் துணியில் கழித்துப்போட்டதை வாங்கி மடிப்பு மடிப்பாக அடுக்கினாள். அடிப்பக்கத்துக்குக் காடாத் துணி. துண்டுகளைச் சேர்க்கும்வரை எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. மூன்றையும் சேர்த்து ஓட்டும்போதுதான் வம்பு. வீட்டு மெஷினில் ஊசிக்கும் அதன் கழுத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூடக் கிடையாது. அந்தச் சந்துக்குள் அம்புட்டுப் பெரிய போர்வையும் போய் வர வேண்டும். இரண்டு பக்கமும் பாய் மாதிரி சுருட்டி, ஒரு சுருளை உள்ளே நுழைத்து, மற்றதை நான் தலையில் தாங்கிக்கொண்டு நிற்பேன். செத்த நேரத்தில் கழுத்து வலிக்கும். நான் கொஞ்சம் சாய்ந்தால் ஊசி முறியும். அத்தை திட்டமாட்டாள். நிதானமாக வேறு ஊசி எடுத்து மாட்டுவாள்.

அந்த நிதானம்தான் எனக்குப் பிடிபடவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் காற்றாய்ப் பறக்கிறவள் அவள். என் பாவாடையை உலை கொதிப்பதற்குள் தைத்துத் தந்திருக்கிறாள். இந்தப் போர்வையில் மட்டும் எறும்பாக ஊர்ந்தாள்.

ஆவணி பிறந்தது. மாமா வந்தார். வாழைத்தாரும் எனக்குச் சோளப்பொரியும் கொண்டுவந்தார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். தன் ஆத்தா கூட்டிவரச் சொன்னதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, அத்தையின் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தருமத்துக்குன்னு தொட்டுட்டேன். பாதியில போட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் அத்தை.

அதற்கு யாரால் என்ன சொல்ல முடியும்? மாமா, "அதுவும் சரிதான்" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகாவது வேகமாக முடிப்பாள் என்று பார்த்தால், சுற்றிலும் ஒரு கரை வேண்டும் என்று ஆரம்பித்தாள். கரை முடிந்ததும், கால்மாட்டில் ஒரு வரிசை கூட்டினால் நல்லது என்றாள். அதற்குப் பிறகு தலைமாட்டில். விரித்துப் பார்க்க எங்கள் வீட்டில் இடம் இல்லாமல் தெருவில் பாய் போட்டு விரித்தோம். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதில் ஏறி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து போனது.

அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏட்டி, நீ தைக்கிறது போர்வையா, கல்யாணப் பந்தலா?"

"பிள்ளைக வளருமில்ல மதினி."

"வளரும் வளரும். அதுக கல்யாணத்துக்கும் இதையே கட்டிக்கிடலாம்."

அத்தை சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அம்மா அடுப்படியில் அப்பாவிடம் பேசியது சிரிப்பு இல்லை.

"மாப்ள தங்கமான ஆளு" என்றார் அப்பா. "இவ என்னத்துக்கு இழுத்துக்கிட்டே போறா? தெருவுல கேக்காக, என்னன்னு சொல்ல?"

"அவிய தங்கந்தான். அந்த வீட்டுல இருக்கது அவிய ஒருத்தர் மட்டுமா?"

என்னைப் பார்த்ததும் அம்மா, "உனக்கு இங்க என்ன சோலி?" என்று விரட்டிவிட்டாள். வன்னியம்பட்டியில் மாமாவின் தாயாரும் இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைச் சொன்னதற்கு ஏன் விரட்ட வேண்டும் என்று குழம்பிப்போனேன்.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு லீவு விட்டபோது மாமா மறுபடியும் வந்தார். கடைசி ஓரம் மட்டும்தான் பாக்கி. போர்வை கனத்துப்போய் என்னால் தாங்க முடியாமல் அப்படியே கிடந்தது. மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நெல்லு மூட்டை தூக்குற தோளு, இதத் தூக்காதா?" என்று சுருளைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒரே கும்மாளம். அத்தையின் கால் மட்டும் மிதியில் அசையாமல் இருந்தது.

"ஓட்டுட்டி" என்றார் மாமா மெதுவாக. "நான் பிடிச்சிருக்கேன்."

அத்தை ஓட்டினாள். ஊசி ஒருமுறைகூட முறியவில்லை. அவள் கை நகர்வதைப் பார்த்து, அதற்குத் தக்கபடி மாமா துணியை விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். கூடவே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் பேச்சே இல்லாமல் வேலை செய்தார்கள். கடைசி நூலைக் கத்தரித்ததும் அத்தை போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முடிந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். மாமாவின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை.

மறுநாள் போர்வையை இல்லத்தில் கொடுத்துவிட்டு அப்படியே வன்னியம்பட்டிக்குப் போவதாக ஏற்பாடு. லீவுக்கு நானும் உடன் போகலாம் என்றார் அப்பா. அத்தையின் டிரங்குப் பெட்டியும் வந்தது. பஸ் மேலே போர்வை மூட்டையை ஏற்றியபோது கண்டக்டர், "அண்ணாச்சி, உள்ள யானையையா கட்டி வச்சிருக்கீய?" என்றார்.

இல்லத்தில் பிள்ளைகள் ஓடிவந்து மூட்டையை அவிழ்த்தார்கள். பெரியம்மா அவர்களை வரிசையாகப் படுக்கச் சொல்ல, நானும் அத்தையும் போர்வையை மேலே விரித்தோம். உள்ளேயிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். கால், தலை எல்லாம் மூடி, அந்தப் பக்கத்துச் சுவரோரம் ஒரு முழம் மடிந்தும் கிடந்தது. நான் பெருமையாக அத்தையைப் பார்த்தேன்.

அத்தை அந்த மடிப்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "பத்தல" என்றாள்.

பெரியம்மா போர்வையைப் பார்த்தார். வாசலில் இருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாம்மா, பத்தலதான். இங்க ஒரு மெஷின் ஓட்ட ஆளில்லாமக் கெடக்கு. இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்."

"பெரியம்மா, அங்க மடிஞ்சு கெடக்கே" என்றேன் நான். கூச்சக்காரியான எனக்கு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் சுவரோரம் போய்க் குனிந்து, போர்வையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் தோளில் சுமந்த போர்வைதானே. எம்புட்டு நீளம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

"பத்தாதுதான்" என்றார். டிரங்குப் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அன்று மாலை வன்னியம்பட்டிக்குப் போகாமல் என்னை ராஜபாளையத்துக்கே கூட்டிவந்தார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பாவம், வயல்வேலை செய்கிற மனிதர், துணி அளக்கத் தெரியவில்லை, நம் அத்தையாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நான் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.