பலகையில் கட்டி இறக்கிய மச்சான்

தாராவியில் எங்கள் சந்துக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரிய நிலநடுக்கம் வந்தால் அடிபட்டவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது? அதைப் பார்க்கத்தான் போன மழைக்கு முன்னால் மாட்டுங்காவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார், கையில் சந்துகளின் பட்டியலோடு. கழுத்து அசையாமல், கால் மணி நேரத்துக்குள் ஆளை மாடியிலிருந்து இறக்கிக் காட்டினால் அந்தச் சந்துக்கு மருந்துப் பெட்டியும் பயிற்சியும் உண்டு. முடியாவிட்டால் 'வெளி உதவிக்குக் காத்திருக்கவும்' என்று எழுதிவிடுவார். காத்திருப்பது என்னவென்று, மழை வெள்ளத்தில் இடுப்பளவு நின்ற எங்களுக்குத் தெரியும்.

அடிபட்டவராக என் மச்சானை எங்கள் பெல்ட் பட்டறையின் மாடியில் படுக்கவைத்தோம். நல்ல கனம். டாக்டரம்மா கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரோ, இரும்பு ஏணி ஏறும் திறப்பிலேயே சிக்கிக்கொண்டது.

"இது திரும்பாது பாய். எழுதிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. தோல் கட்டு இறக்குத மாதிரி இறக்கிப் பாக்கோம்."

தோல் வெட்டும் பலகை ஒன்றரை அடி அகலம்தான். அதில் மச்சானைக் கிடத்தி நெற்றி, மார்பு, இடுப்பு, தொடை என்று பெல்ட் போட்டோம். பலகையைச் சாய்த்தால் ஆள் மெல்ல வழுக்குகிறார். அவசரத்தில் எடுத்ததெல்லாம் துளை போடாத பெல்ட்.

"ஊருக்கெல்லாம் பெல்ட் அடிச்சுக் குடுக்க. எனக்குன்னு வரும்போது ஓட்ட போட மறந்துட்டியேல மச்சான்" என்று படுத்தபடியே ஏசினார்.

ஏணியில் நின்றிருந்த என் வீட்டுக்காரி சுத்தியலையும் துளை போடும் உளியையும் நீட்டினாள். "பேச்ச விட்டுட்டு அடிங்க. அந்தம்மா கடியாரத்தப் பாக்காவ."

துளை போட்டு இறுக்கினோம். மேலே இருவர் கயிற்றைப் பிடிக்க, ஏணியில் இருவர் தோள்கொடுக்க, ஒவ்வொரு படியாக இறக்கினோம். தோல் கட்டுக்குக் கொடுக்கும் அதே குரல்தான்: "விடு... பிடி... விடு."

டாக்டரம்மா மச்சானின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கழுத்து அசைந்திருக்கவில்லை, கால் மணியும் ஆகியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார்.

"இப்ப என்னைக் கட்டி இறக்குங்கோ. படுத்துண்டு வரவாளுக்கு எப்படி இருக்கும்னு தெரியணும்."

அவருக்கு பெல்ட் மாட்டியது என் வீட்டுக்காரி. தோள்கொடுத்த நாங்கள் படிக்கு இரண்டு தடவை 'பிடி' சொன்னோம்.

தரைக்கு வந்ததும் எங்கள் சந்துக்கு நேரே 'மருந்துப் பெட்டி' என்று எழுதினார். பிறகு, "பக்கத்துச் சந்துக்கும் நீங்களே சொல்லிக் குடுங்கோ பாய்" என்றார்.

இதுவரை ஐந்து சந்துகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். யாராவது தயங்கினால் நான் பலகையில் படுத்துவிடுவேன்.