நடுவில் நிற்காத குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேய்க்குப் பயந்தவன் இல்லை. ஈரத்துக்குப் பயந்தவன். ஏற்காட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கர் செய்ய நினைக்கிற எவனும் ஈரத்துக்குத்தான் பயந்தாக வேண்டும்.

ஆனால் சென்ற டிசம்பரில் என் வீட்டு முன்னறையில் நடந்தது, நடந்ததுதான். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்று தூக்க மாத்திரையும் போடவில்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

என் பெயர் ராஜேந்திரன். கரடியூர் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலை. மீதி நேரமெல்லாம் பாட்டுக் கேட்கும் செட்டுகளை நானே செய்து பார்ப்பேன். கடையில் விற்கிற பெட்டி எதுவும் எனக்குப் பிடிக்காது. ஒன்று, அடித்தொண்டையில் உறுமும். இல்லாவிட்டால் தகரத்தில் தட்டியதுபோல் கிரீச்சிடும்.

ஒரு நல்ல ஸ்டீரியோ செட்டில் ஒரு வித்தை உண்டு. இடதுபுறம் ஒரு ஸ்பீக்கர், வலதுபுறம் ஒரு ஸ்பீக்கர். சரியான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினால், பாடுகிறவள் இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்பாள். அவள் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தப் பைத்தியமெல்லாம்.

அதற்கு இரண்டு காதும் வேண்டும்.

எனக்கு அங்கேதான் சிக்கல். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இடது காதில் ஒரு இரைச்சல் மட்டும் தங்கிவிட்டது. சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் காது மந்தமாகி வருகிறது, திரும்ப வந்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். நான் போகவில்லை. போய், காது செத்துவிட்டது என்று சொல்லிவிட்டால்? ஒற்றைக் காதுக்காரனுக்கு ஸ்டீரியோ எதற்கு?

எனக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. பிழையே இல்லாத ஒரு செட் செய்வது. அதன் எதிரே உட்கார்வது. குரல் நடுவில் நின்றால் காது பிழைத்தது. வலது பக்கம் சாய்ந்தால் இடது காது போனது.

"ஏனுங்க, பஸ் ஏறுனா ஒரே நாள்ல தெரிஞ்சிரும். அதுக்குப் போய் வருசம் பூரா பொட்டி அடிப்பாங்களா?" என்றாள் என் மனைவி புஷ்பலதா.

"ஆஸ்பத்திரி மெஷின் பொய் சொல்லும் புஷ்பா."

"நீங்க செய்யற மெஷின் மட்டும் நெசம் பேசுமாக்கும்."

அவள் இதை என் இடது பக்கம் நின்று சொன்னாள் போலிருக்கிறது. திரும்பி, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவள் சுற்றிவந்து என் வலது பக்கம் நின்று மறுபடி சொன்னாள்.

செட் என்னைப் படுத்தியது. மரப்பெட்டிக்குப் பூசிய பசை பனிமூட்டத்தில் காயவே இல்லை. காய்ந்தபோது பலகை உப்பி, மூலை பிளந்தது. தபாலில் வந்த ஸ்பீக்கர் ஒன்று, கூம்புத்தாள் கிழிந்து வந்தது. திருப்பி அனுப்பினேன். மறுபடியும் கிழிந்ததே வந்தது. எல்லாம் சேர்த்த பிறகு ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று முனகியது. எர்த் வயரை மாற்றினேன். முனகல். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினேன். முனகல். ஒரு நாள் ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கி எறிந்தேன். அது சுவரில் பட்டு, எனக்கிருந்த ஒரே நல்ல மீட்டரின் கண்ணாடியை உடைத்தது.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, முனகல் நின்றது. ஏன் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புஷ்பா குப்பனூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கே மூட்டம் இறங்கிவிட்டது. சன்னல்களைச் சாத்தித் தாழ் போட்டேன். நாற்காலியை அளந்து போட்டேன். ஒரு பெண் பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடுகிற ஒலிப்பதிவு ஒன்று என்னிடம் உண்டு. செட்டைச் சோதிக்க எப்போதும் அதைத்தான் போடுவேன். முதலில் அவள் மூச்சை இழுக்கிற சத்தம். பிறகு பாட்டு.

கண்ணை மூடினேன்.

மூச்சு வந்தது. பாட்டு வந்தது. நடுவில் இல்லை.

இடது பக்கம்.

இடது ஸ்பீக்கரிலிருந்தும் இல்லை. அதையும் தாண்டி, சுவர் மூலையில். ஒரு ஆள் சாய்ந்து நிற்கிற இடத்தில்.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு வருட உழைப்பு. இப்படியா?

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிழை எங்கே என்று தெரியாவிட்டால் இடதை வலதாக மாற்றிப் பார்ப்போம். பிழையும் சேர்ந்து மாறினால் குற்றம் அந்தப் பொருளில். வயர்களை மாற்றினேன். குரல் அதே மூலையில். ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. குரல் அதே மூலையில்.

பஷீர் அகமதுவுக்கு போன் போட்டேன். பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். எனக்கு வயரும் ஈயமும் அவர் கடையில்தான். ஸ்கூட்டரில் வந்தார்.

"ரைட்டரே, இந்நேரத்துக்கு ஒரு ஊடே கட்டி, பால் காச்சி, குடி வந்திருக்கலாம் நீங்க."

"உக்காந்து கேளுங்க பாய். அப்புறம் பேசலாம்."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பாட்டு முடிந்தது.

"நடுவுல நிக்குதுங்க. அந்தம்மா என் மூஞ்சிக்கு நேராத்தான் பாடுது. நொம்ப சுத்தம்."

"இடது பக்கம் சாயலையா?"

"இல்லைங்களே." இடது காதைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா இந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்துங்க. காதுல சில்லுன்னு அடிக்குது."

சன்னல் சாத்தித்தான் இருந்தது. தாழும் போட்டிருந்தது. அவர் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்காரவில்லை.

"மஃரிப் தொழுகைக்கு நேரமாச்சு, வர்றேனுங்க."

டீகூடக் குடிக்காமல் போனார்.

நான் யோசித்தேன். செட் சரி. அப்படியானால் கோளாறு என் காதில். ஆனால் இடது காது மந்தம் என்றால் குரல் வலது பக்கமல்லவா போக வேண்டும்? இது இடது பக்கம் போகிறது. அப்படியென்றால் இடது காது சாகவில்லை. வலதைவிட நன்றாகவே கேட்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த டாக்டரை நினைத்துச் சிரித்தேன். அந்த வருடம் முழுவதிலும் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரே ஒரு வேலை பாக்கி. இடது ஸ்பீக்கரின் வயரை உருவிவிட்டேன். இப்போது சத்தம் வலது ஸ்பீக்கரிலிருந்து மட்டும்தான் வர முடியும்.

பாட்டைப் போட்டேன். மணி 6.40.

மூச்சு... இடது பக்கம்.

மூலையில் இல்லை. சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது.

எழுந்து போய் வயரைப் பார்த்தேன். தரையில் கிடந்தது. இடது ஸ்பீக்கரின் கூம்பில் விரல் வைத்தேன். அசைவே இல்லை.

சரி, அறையின் எதிரொலியாக இருக்கும். நாற்காலியை நேர் எதிராகத் திருப்பிப் போட்டேன். இப்போது அந்த மூலை எனக்கு வலது பக்கம். எதிரொலி என்றால் குரலும் வலது பக்கம் வந்தாக வேண்டும்.

உட்கார்ந்தேன்.

இடது பக்கம்.

கை நீட்டினால் தொடுகிற தூரம்.

அது... அறையைக் கடந்து வந்திருந்தது.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். பாட்டு என் முதுகுக்குப் பின்னால், வலது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடியில் இருந்தது. அந்த இடத்தில் மூச்சு கிடையாது. ஒரே இழுப்பாகப் போகிற வரி அது.

என் பக்கத்தில் மூச்சு இழுத்தது.

விட்டது.

இழுத்தது.

நிறுத்தத்தான் எழுந்தேன். அதற்குள் கரண்ட் போய்விட்டது.

விளக்கு அணைந்தது. செட் அணைந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. வெளியே மூட்டம். ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

இடது பக்கம்... இழுத்தது.

நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அது நிற்கவில்லை.

காது மடலில் ஈரம் பட்டது. குளிர்ச்சி இல்லை.

சூடு.

நாற்காலி விழுந்தது. கதவு எப்படித் திறந்தது என்று தெரியாது. செருப்பில்லாமல் சாலைக்கு வந்துவிட்டேன். பஜாரிலிருந்து வந்த ஜீப் ஒன்று என்மேல் ஏறப் பார்த்தது. டிரைவர் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

அன்று பஷீர் வீட்டில் படுத்தேன். சன்னலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் காலை புஷ்பா வந்தாள். நானே சொன்னேன். "சேலம் போலாம் வா."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மெஷின் பொய் சொல்லுமேங்க?"

"கெளம்பு."

மலை இறங்கும்போது எல்லோருக்கும் காது அடைக்கும். கொட்டாவி விட்டால் திறந்துகொள்ளும். அன்று பத்தாவது வளைவில் என் வலது காது அடைத்தது. பஸ் சத்தம் நின்றது. பஸ்ஸில் ஓடிய பாட்டு நின்றது. எதிர் சீட்டில் ஒரு குழந்தை வாயைத் திறந்து அழுதது, சத்தமே வரவில்லை. உலகத்தையே யாரோ அணைத்துவிட்டதுபோல் இருந்தது.

அந்த அமைதிக்குள், இடது பக்கம் மட்டும், ஒரே சீராக... இழுத்தது. விட்டது.

புஷ்பா என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கம் சன்னல்தான்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் மேனகா. சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறைக்குள் என்னைத் தனியாக உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தாள். "எப்பெல்லாம் சத்தம் கேக்குதோ அப்பெல்லாம் அழுத்துங்க சார்." கதவைச் சாத்திவிட்டு வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் வலது காது. கேட்டது, அழுத்தினேன். பிறகு இடது. கேட்டது. அழுத்தினேன். கேட்டது. அழுத்தினேன்.

கதவு திறந்தது. மேனகா எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், எடது பக்கம் நான் இன்னும் சத்தமே குடுக்கலைங்க. எதுக்கு அழுத்தறீங்க?"

பட்டனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் என்னைப் படுக்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினாள். இந்தப் பரிசோதனைக்குப் பட்டன் வேண்டாம், சத்தம் மூளைக்குப் போகிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்ளும் என்றாள். ஒரு மணி நேரம் ஆனது.

முடிந்ததும் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். வலது காதுக்கு அலை அலையாகக் கோடுகள். இடது காதுக்கு அலையே இல்லாத ஒரு கோடு.

"எடது காது சுத்தமாப் போயிருச்சுங்க. எவ்வளவு சத்தம் குடுத்தும் ஒண்ணுமில்லை. இது நேத்து இன்னிக்குப் போனதில்லைங்க. மாசக்கணக்கா ஆயிருக்கணும்."

புஷ்பா என் கையைப் பிடித்தாள்.

"காது போனா உள்ளாற இரைச்சல் கேக்குமாமே?" என்றேன்.

"கேக்குமுங்க. தலைக்குள்ள கேக்கும். வெளிய நிக்காது."

"எனக்கு இடம் தெரியுதே. எவ்வளவு தூரத்துல இருக்குதுன்னுகூடத் தெரியுதே?"

"ஒத்தைக் காதுல பக்கமே தெரியாதுங்க சார். கூப்பிடறவங்க எந்தப் பக்கம்னு தேடிட்டுத்தான் இருப்பீங்க. அதுக்கு ரெண்டு காது வேணும்."

எழுந்தோம். கதவு வரை வந்துவிட்டோம். மேனகா தயங்கிக்கொண்டே கூப்பிட்டாள்.

"சார்... தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள ஒரு மைக் இருக்குதுங்க. நீங்க ஏதாச்சும் பேசுனா எனக்குக் கேக்கறதுக்காக. நீங்க பட்டன் அழுத்திட்டிருந்தப்ப, உள்ள ரெண்டு பேரு மூச்சு விட்டாப்பல கேட்டுச்சு." புஷ்பாவின் பக்கம் திரும்பினாள். "நான் மெஷினையே பாத்துட்டிருந்தேன், கவனிக்கலை. நீங்களும் நடுவுல உள்ள போயிருந்தீங்களாக்கா?"

கதவைத் திறக்கப் போன புஷ்பா நின்றாள்.

"நான் எங்க கண்ணு போனேன்?" என்றாள். "உனக்குப் பின்னாலயேதான உக்காந்திருந்தேன்."