சந்தனம் வைத்த இரண்டு தலைப் படம்

"உனக்கேன் பிள்ளை இந்த விடுப்புக் கேக்கிற பழக்கம்? உன்ர அப்பப்பா கடைசியாய் என்ன சொன்னவர் எண்டு அறிஞ்சு என்ன செய்யப்போறாய்? போய் உன்ர போனை நோண்டு."

பேத்தி அசையவில்லை. என்னைப் போலவே பிடிவாதம். சொன்னேன்.

என் மனுசன் நடு லண்டனில் ஓர் ஓவியக்கூடத்தில் காவல் வேலை பார்த்தவர். ஈயத்தைப் பொன்னாக்கப் பார்த்த பழைய வெள்ளைக்காரரின் படங்கள் தொங்கிய அறை அவருடையது. ஒருநாள் அங்கே விற்ற தபாலட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே உடம்பு, இரண்டு தலை. ஒரு பாதி ராசா, மறுபாதி ராணி. காலடியில் செட்டை முளைத்த பாம்பு. அர்த்தநாரீசுவரர்தான் குளிருக்குச் சட்டை போட்டிருக்கிறார் என்று நினைத்து, சாமித்தட்டில் வைத்துச் சந்தனம் பூசினேன்.

அவர் சிரித்தார். "அது சாமியில்லையப்பா. மனுசன்ர உயிர் மாறுறதுக்குக் கீறின அடையாளம். முதல் கறுத்து அழுகவேணும். பிறகு வெளுக்கும். பிறகு சிவக்கும். அதுக்குப் பிறகுதான் ரெண்டும் ஒண்டாகும்."

"தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி எண்டதிலயே நாங்கள் இன்னும் ஒண்டாகேல்லை."

படத்தை நான் எடுக்கவில்லை. சந்தனம் வைத்தால் வைத்ததுதான்.

பிறகு அவருக்கு ஈரல் பழுதானது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முகம் கறுத்தது. படத்தின் கணக்குப்படிதான் போகிறது, இனி வெளுக்கும் என்று நம்பி, மற்றச் சாமிகளை விட்டுவிட்டு அந்த அட்டைக்கு மட்டும் விளக்கு வைத்தேன். காலையில் திரைச்சீலையை விலக்கிவிட்டு, அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பேன்.

"என்னத்தைப் பாக்கிறாய்?"

"வெளுக்கிறியளோ எண்டு."

"நான் என்ன வேட்டியோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த நாள் இன்னும் கறுத்திருந்தார்.

கடைசி நாள் கையைப் பிடித்துக் கேட்டேன். "உள்ளுக்கு ஏதும் மாறுதேயப்பா? ஏதும் தெரியுதே?"

கண்ணைத் திறந்தார். "ஒண்டுமில்லை. வெறும் கறுப்பு. லைட்டைப் போடு."

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. எழும்பிப் போய்ச் சுவிட்சில் சும்மா கையை வைத்தேன். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை.

செத்தவீட்டுக்கு எங்கள் செவன் கிங்ஸ் பகுதிச் சனம் சோற்றுச் சட்டிகளோடு வந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் என்னைச் சுற்றி இருந்துகொண்டு, கடைசியாய் என்ன சொன்னவர் என்று கேட்டார்கள்.

"உள்ளுக்கு ஒரே வெளிச்சமாய்க் கிடக்கு எண்டவர்," என்றேன். "சிரிச்சுக்கொண்டுதான் போனவர்."