தூக்குவதற்கு ஒரு சைக்கிள்

கைப்பேசியில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ வெளிநாட்டில், வளைந்த கைப்பிடி வைத்த சைக்கிளைச் சேற்றில் மிதிக்கிறார்கள். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. நம்ம பாலாறு எதற்கு இருக்கிறது? வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தானே! முதல் சம்பளத்தில் நான் வாங்கிய தடி டயர் கியர் சைக்கிள், பின்னால் இரும்புக் கேரியரோடு, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அதை அப்படி மாற்றிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வீடியோவை மனைவிக்குக் காட்டினேன்.

"இன்னாங்க இது? ஓட்டறதுக்கு சைக்கிளா, தூக்கறதுக்கு சைக்கிளா?"

"ரெண்டுக்கும்தான்."

"எடத்தை அடைச்சிக்கினு கெடக்கறதை இரும்புக் கடையில போடுங்கன்னு எத்தினி நாளா சொல்றேன்!"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய சைக்கிள் கடையில் ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்த கைப்பிடி ஒன்றும், அதற்கான பிரேக் லீவர் ஒரு ஜோடியும் கிடைத்தன. மேலே சுற்றும் டேப்தான் கிடைக்கவில்லை. ஆம்பூரில் இருந்துகொண்டு டேப்புக்கு அலைவதா? நான் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவன். அவள் அதே கம்பெனியில் தையல் பிரிவு. மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கி அளவாக வெட்டிக் கொடுத்தேன். திட்டிக்கொண்டேதான் வாங்கினாள். ஆனால் கையில் எடுத்த வேலையை அரைகுறையாக விட அவளுக்குத் தெரியாது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, வளைவில் ஒரு சுருக்கம் விழாமல் இழுத்துக் கையாலேயே தைத்து முடித்தாள். அடடா, என்ன அழகு! தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு லீவரை மாட்டப் போனேன். ஏறவில்லை. லீவரை வெறும் கம்பியில் முடுக்கி, பிரேக் ஒயரைக் கம்பியை ஒட்டிக் கொண்டுபோய், அதற்கு மேலேதான் தோலைச் சுற்றியிருக்க வேண்டும். வேறு ஊர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். தோலைக் கண்டால் எங்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது.

"இதைக் கொஞ்சம் பிரிக்கணும்" என்றேன் மெதுவாக.

கம்பெனியில் அவள் தைத்தது ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. முகம் சிவந்துவிட்டது.

"பிரிக்கறதா? என் தையலையா? சரி, இன்னொரு தபா தைச்சித் தர்றேன். ஆனா ஒரு பந்தயம். ஞாயித்துக்கெழமை எங்கம்மா வீட்டுக்குப் போறோம் இல்ல? நீங்க இதுல ஆத்தைத் தாண்டி வாங்க. நான் ஸ்கூட்டர்ல பாலம் சுத்தி வர்றேன். நான் மொதல்ல வாசல்ல நின்னுட்டா, திங்கக்கெழமை இது இரும்புக் கடைக்கு."

ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் நினைப்பு வந்தது. முதல் சம்பளத்துச் சைக்கிள் ஆயிற்றே!

தோலைப் பிரித்து லீவரை மாட்டினேன், அவளும் சொன்னபடி மறுபடி தைத்துக் கொடுத்தாள். லீவரில் இன்னொரு பேஜார். அது ஒயரை இழுக்கிற அளவு என் பழைய பிரேக்குக்குப் போதவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் கட்டை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மணலில் பிரேக் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். மணலில் பத்து மிதி மிதித்திருப்பேன், சக்கரம் புதைந்தது. இறங்கினேன், தூக்கினேன், ஓடினேன். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர், "இன்னாப்பா, பஞ்சரா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, இது இப்டித்தான்!"

மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் சத்தம் கொடுத்துக்கொண்டு போயிற்று. பாலத்துக்குப் போகிற வழியில் கேட் போட்டிருப்பான், அவள் மாட்டியிருப்பாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

கரையேறி, மாமியார் தெருவின் சரிவில் இறங்கினேன். வாசலில் மாமியார் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஜெயித்தாச்சு! பிரேக்கைப் பிடித்தேன். எங்கே பிடித்தது? வாசலைத் தாண்டிப் போய், தெருக்கோடி வைக்கோல் போரில் முட்டித்தான் நின்றேன். வைக்கோலைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தால், வாசலில் ஸ்கூட்டரும் அவளும்.

"மொதல்ல வந்தது நானு!" என்றேன்.

"மொதல்ல நின்னது நானு."

மாமியாரைப் பார்த்தேன். "மாப்பிள்ள வந்தாரு. ஆனா நிக்காம போய்ட்டாரே" என்றார் அவர், கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு.

பேச்சு பேச்சுதான். சைக்கிளை அவள் பக்கம் தள்ளினேன். அவள் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். மணல் அப்பிக் கிடந்தும் ஒரு இழை விட்டிருக்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, ஆற்றுப் பக்கம் மிதித்தாள்.

"பிரேக் பிடிக்காது!" என்று கத்தினேன்.

"மணல்ல எதுக்கு பிரேக்கு?"

கால் மணி நேரம் கழித்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். முடியெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"வெயிட்டு ஜாஸ்திங்க. அந்த கேரியரைக் கழட்டிடுங்க."

"அப்போ நாளைக்கு இரும்புக் கடை?"

"கேரியரை மட்டும் போட்டுட்டு வாங்க" என்று ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்தாள். "அடுத்த வாரம் பாலம் சுத்தி நீங்க வாங்க."